நம்ம கடற்கரையைப் பற்றி எழுதும் முன் எந்தக் கடல், எந்தப் படகு என்று கேளுங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் எழுத வந்திருக்கிறார்கள். ஊரில் ஒன்று நடந்தால் துபாயில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் அன்றைக்கே நாலு வரி போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ரொம்ப காலமாக நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள்தான் எழுதினார்கள், அவர்களுக்கு இது தண்ணியில்லாக் காடு, இல்லையென்றால் ராமர் வந்துபோன ஊர், அதுவும் இல்லையென்றால் மீனவர் கைது என்று ஒரு பத்திச் செய்தி, அதோடு சரி. நம்ம ஆட்களும் அதையே திருப்பி எழுதினால் என்ன பிரயோஜனம்? ஊர்ச் செய்தியை வைத்து மனதில் பட்டதை எழுத நினைக்கிறவர்களுக்காக, நான் எழுதும்போது எதை எதைக் கேட்டுக்கொள்கிறேன் என்று இங்கே சொல்கிறேன். நடை அவரவர் பாடு. விஷயம் சரியாக வருவதற்கு மட்டும்தான் இது.

முதலில் எந்தக் கடல் என்று பாருங்கள். நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், வடகடல் வேறு, தென்கடல் வேறு. வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைச்சல், பெரும்பாலான இடத்தில் 15 மீட்டரைத் தாண்டாது, அடியில் சேறும் மணலும், அதனால் இறால். இலங்கையோடு உள்ள எல்லைக்கோடும் பக்கத்திலேயே கிடக்கிறது. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. தெற்கே மன்னார் வளைகுடா, பவளப்பாறை, வரிசையாக 21 தீவுகள், 1986-ல் இருந்து தேசியப் பூங்கா, அங்கே வனத்துறைதான் நாட்டாமை. ஆக, ராமேஸ்வரத்துச் செய்தியில் எதிரே நிற்பது இலங்கைக் கடற்படை, கீழக்கரைச் செய்தியில் எதிரே நிற்பது நம்ம வனக்காவலர். இரண்டையும் ஒரே கோபத்தோடு எழுதினால் ஊரில் வாசிக்கிறவர் முதல் பத்தியிலேயே மூடி வைத்துவிடுவார்.

அதோடு எந்த மாதம் என்பதையும் பாருங்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துக்கிடக்கும். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் அப்படியே மாறிவிடும். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறவர்கள் காற்றைப் பார்த்துக் கடல் மாற்றிக்கொள்வார்கள். "மீன்பாடு இல்லை, மீனவர்கள் வேதனை" என்று ஒரு செய்தி வந்தால், அது காற்று மாறும் இடைவெளியா, நிஜமாகவே கடல் வற்றிப்போனதா என்று விசாரிக்காமல் அழுது எழுதாதீர்கள். பாம்பனில் 2016-ல் இருந்து கடல் ஓசை என்று 90.4-ல் ஒரு சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. ஊரில் இருக்கும்போது அதைக் கேட்டுப் பழகுங்கள், காற்றும் கடலும் அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பது காதில் தானாக ஏறும்.

அடுத்தது எந்தப் படகு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். செய்தியில் "மீனவர்கள்" என்று ஒரே வரியில் வந்துவிடும். யார் அந்த மீனவர்கள்? விசைப்படகின் சொந்தக்காரரா, அதில் பங்குக்குப் போகிற ஆளா, நாட்டுப்படகில் அண்ணன் தம்பியாகப் போகிறவர்களா, தெர்மாகோல் மிதவையில் ஒற்றை ஆளாக நண்டு வலை போடுகிறவரா, கரைவலை இழுக்கிறவரா? இவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வடகடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று பிரித்து வைத்திருப்பதே அந்தச் சண்டையால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு, நாட்டுப்படகு அப்போதும் போகும், மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். தடைக்காலத்தில் ஊரே பட்டினி என்று எழுதுகிறவர் பாம்பன் வடக்குக் கரையில் காலையில் ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் அப்படி எழுதமாட்டார். பட்டினி உண்டு, அது விசைப்படகில் கூலிக்கும் பங்குக்கும் போகிறவர் வீட்டில். தடைக்கால நிவாரணத்தை 5,000-ல் இருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்து மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அந்த எட்டாயிரம் இரண்டு மாதத்துக்கு எப்படிப் போதும் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், அது எழுத்து.

ராமேஸ்வரம் ஜெட்டிக்கு விடியற்காலையில் ஒருமுறை போய் நில்லுங்கள். விசைப்படகு வந்து அணைந்ததும் இறால், கணவாய், நண்டு தனித்தனிக் கூடையில் இறங்கும். அதெல்லாம் போனபிறகு கடைசியில் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவார்கள் பாருங்கள், அதன் பெயர் சங்காயம். விரல் நீளம் கூட வளராத காரல், நகரை, குட்டித் திருக்கை, உடைந்த சிப்பி, நசுங்கிய நண்டுக் குஞ்சு, சேறு, பாசி எல்லாம் சேர்ந்த ஒரு சாம்பல் நிறக் குவியல். அதுவும் எடை போட்டு லாரியில் ஏறும், கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, கடலடியை வாரி இழுக்கிற இழுவலையைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து வரும். எனக்கு வந்தது, அந்த வலை நம்ம கடலையே அரித்துத் தின்கிறது என்பதுதான். அதைச் சொன்னால் சொந்தக்காரர்களிலேயே சிலர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தப் படகில் இருக்கிற ஆள் ஆசைப்பட்டு இழுக்கவில்லை, கடனுக்கு இழுக்கிறார். ஆழ்கடலுக்கு மாறச் சொல்லி 2017-ல் ஒரு திட்டம் வந்தது, படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். மானியம் போக மீதி 24 லட்சம். வங்கிக் கடனும் கைக்காசுமாக அதைப் புரட்டி, வாரக்கணக்கில் கடலில் கிடந்து சூரை மீன் பிடிக்கப் பழக வேண்டும் என்றால், காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பியே வாழ்ந்த ஆளுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசியுங்கள்.

கைதுச் செய்திக்கு வருவோம். இதை எழுதாமல் நம்ம கடற்கரையில் யாரும் எழுத்தாளராக முடியாது, அவ்வளவு அடிக்கடி நடக்கிறது. "எல்லை தாண்டி மீன்பிடித்ததாக" என்று ஆரம்பித்து இத்தனை பேர், இத்தனை படகு என்று எண்ணிக்கையில் முடிகிற செய்தி. அதைப் பார்த்ததும் கொதித்து எழுதுவது சுலபம். நான் சொல்வது, அன்றைக்கு எழுதாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு பின்னாலேயே போங்கள். எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், மன்னாரா, ஊர்காவற்துறையா? படகு ஓட்டியவருக்கு என்ன தண்டனை, மற்றவர்களுக்கு என்ன? இரண்டாம் முறை பிடிபட்டவர் யாராவது உண்டா? ஆட்கள் விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வண்டியில் ஊருக்கு வந்துவிடுவார்கள், மாலை போட்டுப் படமும் வரும். படகு வராது. இலங்கையில் 2018-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்காக ஏற்றிவிட்டார்கள், பிடித்த படகை அரசுடைமையாக்கி விடுவதும் நடக்கிறது. அப்புறம் அந்தப் படகின் மேல் வாங்கின கடன் என்ன ஆனது, பங்காளிகள் எங்கே வேலைக்குப் போனார்கள், கேரளாவுக்கா, மங்களூருக்கா, இதுதான் ஆறு மாதம் கழித்து எழுத வேண்டிய கட்டுரை. அதை எழுதுகிறவர் குறைவு.

எதிர்க்கரையையும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கிறவர் தமிழ் பேசுகிற கடலோடி. 1983-ல் இருந்து 2009 வரை போர் நடந்த காலத்தில் பெரும்பாலும் அவர்களைக் கடலுக்கு விடவில்லை, அந்தக் காலத்தில்தான் நம்ம விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. போர் முடிந்து அவர்கள் கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டால் ராத்திரியில் நம்ம இழுவலை அதை வாரிக்கொண்டு போகிறது. 2017-ல் அவர்கள் நாட்டில் இழுவலையைத் தடையே செய்துவிட்டார்கள். இதைச் சொல்வதால் யாரும் துரோகி ஆகிவிட மாட்டார். அதற்காக அடிப்பதும் சுடுவதும் சரி என்று ஆகாது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் நடுக்கடலில் குண்டடிபட்டுச் செத்தான். இலங்கைக் கடற்படை சுட்டது என்று உடன் போனவர்கள் சொன்னார்கள், கடற்படை மறுத்தது. வலை அறுபடுவதற்குப் பதில் உயிர் என்று எந்தக் கணக்கிலும் கிடையாது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதத் தைரியம் வேண்டும், எழுதுங்கள்.

கச்சத்தீவு என்றால் தேர்தலுக்குத் தேர்தல் எல்லாரும் பேசுவார்கள். நீங்கள் எழுதும்போது 1974 ஒப்பந்தத்தையும் 1976-ல் இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களையும் போட்டுக் குழப்பாதீர்கள். தீவு இலங்கைக்குப் போனது முதலாவதில். அதில் நம்ம ஆட்கள் பழைய வழக்கப்படி விசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது இரண்டாவதில். இது ஒன்று தெரிந்திருந்தாலே மேடைப் பேச்சில் பாதி எங்கே இடறுகிறது என்று பிடிபட்டுவிடும். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ராமேஸ்வரத்தில் இருந்து படகில் போவார்கள், அங்கே இரண்டு கரை ஆட்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஜெபம் சொல்வார்கள். 2024-ல், சிறையில் போட்ட படகோட்டிகளை விடவில்லை என்று நம்ம பக்கம் படகு எடுக்காமல் புறக்கணித்தார்கள். திருவிழாவுக்குப் போகாமல் இருப்பதே போராட்டமாக ஆன வருஷம் அது, அதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரையை நான் இன்னும் பார்க்கவில்லை.

திருவிழாவையும் வழக்கத்தையும் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய மனிதர்கள் வரும் நாளில் போகாதீர்கள். 2025 ஏப்ரல் 4 உத்தரகோசமங்கை சிவன் கோயிலில் கும்பாபிஷேகம், 6-ம் தேதி பாம்பனில் புதுப் பாலம் திறப்பு, பிரதமர் வருகை. அந்த வாரம் முழுக்க நம்ம மாவட்டம் டிவியில் ஓடியது, ஆனால் எல்லார் கையிலும் ஒரே படம். மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கைக்குப் போங்கள், மரகத நடராஜர் மேல் வருஷம் முழுக்க இருந்த சந்தனத்தை அன்றைக்குத்தான் களைவார்கள், அதை வாங்கக் குளிரில் விடிய விடிய வரிசை. ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு விழா. இரண்டு இடத்திலும் அந்தச் சந்தனத்தைக் கொஞ்சம் வாங்கி நெற்றியில் பூசிவிட்டால் நோய் தீரும் என்று நம்பி நிற்கிற ஆத்தாமார்கள். உடனே "மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு" என்று ஒரு வரியைப் போட்டு முடித்துவிட வேண்டாம். யார் எங்கிருந்து வந்தார், எந்த நேர்த்திக்கடன், ராத்திரி எங்கே படுத்தார் என்று கேளுங்கள்.

பழைய கதையும் அப்படியே. கீழக்கரை சீதக்காதியைப் பக்கத்தில் வைத்துப் போற்றியவர் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி, 1693-ல் ஓரியூரில் கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டுப்பட்டதும் அதே கிழவன் சேதுபதி ஆட்சியில்தான். ஓரியூரில் அந்த மண் சிவப்பாக இருக்கிறது என்று எல்லா மதத்து ஜனங்களும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். சேதுபதியை முழுக்க நல்லவராகவோ முழுக்கக் கெட்டவராகவோ எழுதுகிறவரை நம்பாதீர்கள்.

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதினால் 1914-ல் பழைய பாலம், 1964 புயல், 2025-ல் புதுப் பாலம் என்று மூன்று தேதியைப் போட்டுவிட்டு, கப்பல் போக மேலே தூக்கும் 72.5 மீட்டர் நீளப் பகுதி என்று வியந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை பாம்பன் பாலத்தைத் தாண்டி ரயிலே ஓடவில்லையே, அந்த இரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலில் வியாபாரம் செய்தவர்கள், மண்டபத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு அலைந்த நோயாளிகள், மதுரைக்குக் கருவாடு கொண்டுபோனவர்கள் என்ன செய்தார்கள்? தனுஷ்கோடியும் இதே கதைதான். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது, கார்கள் நேரே போகின்றன, அதுவரை மணலில் வேன் ஓட்டிப் பிழைத்தவர்கள் பிழைப்பு மாறியது. இடிந்த தேவாலயத்தை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பக்கத்து ஓலைக் குடிசையில் சங்கு விற்கிற பெண் மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடம் நிரப்புவதை எழுதுங்கள்.

பெண்களைக் கேட்காமல் எழுதிய எந்தக் கடற்கரைக் கட்டுரையும் பாதிதான். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமாரைப் பாருங்கள். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணிக் கீற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார்கள், காலில் செருப்போ தகடோ, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து வருவார்கள். தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும், போகாவிட்டால் அடுப்பு எரியாது. தேசியப் பூங்கா வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அந்தக் கடல் காப்பாற்றப்பட வேண்டிய கடல்தான், ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதை மறைத்து எழுதினால் அது விளம்பரம். கடல் அட்டைப் பறிமுதல் செய்தியும் இதே வகை. 2001-ல் தடை வந்ததற்கு முன்னால் அது நம்ம கடற்கரையில் பகிரங்கமான தொழில். இன்றைக்குப் பிடிபடுகிறவர் முங்கி எடுத்த கூலியா, காசு போட்ட முதலாளியா என்று பாருங்கள், பெரும்பாலும் செய்தியில் முதலாளி இருக்கமாட்டார்.

மழை, புயல் எழுதுகிறவர்கள் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். பாம்பனில் கூண்டு ஏற்றினாலே புயல் வந்துவிட்டது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 1, 2 என்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கு எச்சரிக்கை. 5-ல் இருந்து அபாயம், 8-ல் இருந்து 10 வரை பெரிய அபாயம். 11 வந்தால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் பழைய வீடியோக்கள் புதுசு என்று சுற்றும். தேதியும் இடமும் உறுதியாகத் தெரியாத எதையும் போடாதீர்கள், கடலில் ஆள் இருக்கும் வீட்டில் அதைப் பார்ப்பார்கள்.

எப்படிக் கேட்பது? மத்தியானத்துக்கு மேலே வலை பின்னிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும்போது போங்கள். காலையில் ஏலம் நடக்கிற நேரத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். போனை நீட்டாதீர்கள். "அண்ணே, இன்னைக்கு நண்டு என்ன விலைக்குப் போச்சு" என்று ஆரம்பியுங்கள், விலையில் இருந்து டீசல், டீசலில் இருந்து கடன், கடனில் இருந்து மகள் கல்யாணம் என்று பேச்சு தானாகப் போகும். சொன்னவர் பெயரைக் கேட்டே போடுங்கள், வேண்டாம் என்றால் ஊரை மட்டும் போடுங்கள். சிறையில் இருந்து வந்தவரின் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும், கடலுக்குப் போகிற ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே அவர் குறுக்கே பேசுகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள், உங்கள் கருத்தை மாற்ற வேண்டியதில்லை, விவரத்தை மாற்றினால் போதும்.

முதல் கட்டுரைக்கு என்ன எடுப்பது என்று யோசிக்கிறவர்கள் அடுத்த ஜூன் 14-ஐப் பிடியுங்கள். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் ஐஸ் ஏற்றுவதும் டீசல் பிடிப்பதும் வலை ஏற்றுவதும் நடக்கும். தடை முடிந்து வந்திறங்கும் முதல் கூடைக்கு வியாபாரி என்ன விலை வைத்தார், அதே வாரம் பாம்பனில் நாட்டுப்படகு நண்டுக்கு விலை எவ்வளவு இறங்கியது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.